நெடுந்தூரம் ஓடும்போது வயிற்றில் என்ன நடக்கிறது? முழுமையான வழிகாட்டி

பினாங்குப் பாலத்தில் நான் முதல் முழு மாரத்தான் ஓடிய இரவு இன்னும் நினைவிருக்கிறது. பிறைப் பக்கம் போய்த் திரும்பி, தீவை நோக்கி வந்துகொண்டிருந்தேன். கால் தாங்கியது, மூச்சும் சீராகத்தான் இருந்தது. ஆனால் குடித்த தண்ணீர் எல்லாம் இறங்காமல் வயிற்றிலேயே நின்றது. அடி வைக்கும்போதெல்லாம் உள்ளே களக் களக் என்று ஆடுவது எனக்கே கேட்டது. அடுத்த தண்ணீர் மேசையில் இனிப்புப் பானத்தின் வாடை வந்ததுமே குமட்டல். பாலத்தின் ஓரத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்து நின்றேன். மீதித் தூரத்தை நடந்தேதான் முடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி இட்லி எடுத்து வைத்தார். ஒரு வாய்கூட இறங்கவில்லை. "பசியே இல்லை, விடு" என்று சொல்லிப் படுத்துவிட்டேன். இரவு பத்து மணிக்கு வந்தது பாருங்கள் ஒரு பசி! மாமாக் கடைக்குப் போய் எதை எல்லாம் தின்றேன் என்று இப்போது சொல்லத் தெரியாது. அடுத்த இரண்டு நாளும் உடம்பு அடித்துப் போட்டதுபோல் கிடந்தது.

காலையில் பசி இல்லாமல் போனதும் இரவில் அது வெறியோடு வந்ததும் ஒரே விஷயத்தின் இரண்டு முனைகள் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஓட்டத்தைக் கற்றுத் தருகிறவர்கள் காலைப் பற்றியும் மூச்சைப் பற்றியும் நிறையச் சொல்வார்கள். குடலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் நெடுந்தூரம் ஓடுகிறவர்களில் 30 முதல் 50 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு வயிற்றுத் தொந்தரவு வருகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. கால் தசையைப் பழக்குகிற மாதிரியே குடலையும் பழக்கலாம். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் தள்ளும் இரத்தத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குடல், கல்லீரல் பக்கம் போகிறது. கடினமாக ஓடத் தொடங்கியதும் உடம்பு அந்தப் பங்கை வெட்டிக் காலுக்கும் தோலுக்கும் அனுப்புகிறது. குடலுக்குப் போகும் இரத்தம் 80 விழுக்காடு வரைகூடக் குறையலாம். நம் ஊரில் இதில் இன்னொரு கஷ்டம் உண்டு. விடியற்காலையிலும் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டை ஒட்டி இருக்கும், வேர்வை காயாது. உடம்பைக் குளிர வைக்கத் தோலுக்கு இன்னும் அதிக இரத்தம் போக வேண்டியிருக்கிறது. அதுவும் குடலின் பங்கிலிருந்துதான் போகிறது.

இரத்தம் குறைந்தால் குடலின் உள்சுவர் பலவீனப்படும். அந்தச் சுவரின் உயிரணுக்களுக்கு நடுவே இருக்கும் இறுக்கம் தளர்ந்து, உள்ளே வரக் கூடாத சில பொருட்கள் இரத்தத்தில் கசியும். இரைப்பையும் மெதுவாகவே காலியாகும். பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடியாத வேகத்துக்குப் போனால் இரைப்பையின் வாசல் பாதி சாத்தியதுபோல்தான். பாலத்தில் நான் கேட்ட அந்தக் களக் களக் சத்தத்துக்கு இதுதான் காரணம்.

இனி ஹார்மோன்கள். மனிதன் முதன்முதலில் கண்டுபிடித்த ஹார்மோனே குடலில் சுரப்பதுதான்: 1902இல் லண்டனில் பெய்லிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் கண்ட செக்ரெட்டின். 'ஹார்மோன்' என்ற சொல்லே அதற்குப் பிறகுதான் வந்தது. அதாவது, குடல் வெறும் குழாய் இல்லை. மூளையோடு ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும் ஓர் உறுப்பு.

ஓட்டக்காரர் அறிய வேண்டிய பெயர்கள் மூன்று. ஒன்று கிரெலின். 1999இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். இரைப்பையில் சுரந்து, "சாப்பிடு" என்று மூளைக்குச் சொல்லும். மற்ற இரண்டும் பிஒய்ஒய், ஜிஎல்பி-1. சிறுகுடலின் கடைசிப் பகுதியிலும் பெருங்குடலிலும் இருக்கும் உயிரணுக்கள் இவற்றைச் சுரக்கின்றன. "போதும்" என்று சொல்வது இவற்றின் வேலை. இரைப்பை காலியாகும் வேகத்தையும் இவை குறைக்கின்றன.

ஒரு மணி நேரத்துக்கு மேல் நல்ல வேகத்தில் ஓடினால் கிரெலின் இறங்குகிறது, மற்ற இரண்டும் ஏறுகின்றன. பசியைத் தூண்டும் குரல் அடங்கி, போதும் என்கிற குரல் ஓங்குகிறது. அதோடு 2022இல் இன்னொன்றும் தெரிய வந்தது. தசையில் சேரும் லாக்டேட் ஓர் அமினோ அமிலத்தோடு சேர்ந்து உண்டாகும் ஒரு பொருள், கடுமையான பயிற்சிக்குப் பிறகு இரத்தத்தில் கூடுகிறது. எலிகளுக்கு அதைக் கொடுத்தபோது அவை சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டன.

எனக்கு எல்லாவற்றையும் தெளிய வைத்தது இங்கிலாந்தின் லாஃப்பரோ பல்கலைக்கழகத்தில் 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு. ஒரு நாள் 90 நிமிடம் ஓட வைத்து உடம்பின் சக்தியைக் குறைத்தார்கள். இன்னொரு நாள் ஓட விடாமல், அதே அளவு சக்தியைச் சாப்பாட்டில் குறைத்தார்கள். சாப்பாட்டைக் குறைத்த நாளில் பசி ஏறியது. பசி ஹார்மோன்களும் அதற்கு ஏற்றபடி மாறின. மேசையில் வைத்ததை அதிகமாகவே சாப்பிட்டார்கள். ஓடிய நாளில் அப்படி எதுவுமே நடக்கவில்லை. அதே பற்றாக்குறைதான், ஆனால் உடம்பு வாய் திறக்கவில்லை. ஆகவே நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு வரும் "பசி இல்லை" என்ற உணர்வை வைத்துச் சாப்பாட்டை முடிவு செய்யக் கூடாது. கீழே வரும் படிகளில் பாதி இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கின்றன.

படி 1: இரண்டு வாரம் எழுதி வையுங்கள்

எதையும் மாற்றாதீர்கள். ஓடும் நாளில் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரம், வயிறு எப்படி இருந்தது, ஓடி முடித்து எவ்வளவு நேரம் கழித்துப் பசித்தது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுவார்கள். என் நோட்டில் 10 கி.மீ. ஓட்டத்துக்கு "40 நிமிடம்" என்றும் 25 கி.மீ. ஓட்டத்துக்கு "மூன்றரை மணி நேரம்" என்றும் இருக்கிறது.

படி 2: முந்தின நாள் தட்டு

நம் வீட்டுச் சாப்பாடு நல்ல சாப்பாடு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நீண்ட ஓட்டத்துக்கு முந்தின நாளுக்கு அது ஒத்துவராது. பருப்பு, கொண்டைக்கடலை, வெங்காயம், பூண்டு எல்லாவற்றிலும் சிறுகுடல் முழுவதுமாக உறிஞ்சாத ஒருவகை மாவுச்சத்து இருக்கிறது. அது பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகிறது, தண்ணீரையும் இழுக்கிறது. மற்ற நாட்களில் குடலுக்கு நன்மை செய்யும் இதே உணவு, இரத்தம் குறைந்து ஓடும் குடலில் உப்புசமாகவும் வயிற்றுப்போக்காகவும் மாறும். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் இந்த வகை உணவுகளை நெடுநாளாக ஆராய்ந்து வருகிறது. ஓட்டத்துக்கு முன் ஓரிரு நாள் இவற்றைக் குறைத்தால் தொந்தரவு குறைவதைப் பார்த்திருக்கிறார்கள்.

வெள்ளைச் சோறு, தோசை, முட்டை, மீன், உருளைக்கிழங்கு, கேரட், அளவான உப்பு: இவை போதும். சாம்பார், சம்பல், தேங்காய்ப்பால் குழம்பு, பொரித்த கோழி எல்லாம் மறுநாள் மதியத்துக்கு இருக்கட்டும். கொழுப்பு இரைப்பையில் நெடுநேரம் தங்கும். நாசி கண்டாரும் நாசி லெமாக்கும் எனக்கு உயிர், ஆனால் ஓட்டத்துக்கு முந்தின இரவு தொடமாட்டேன்.

பால் விஷயம் தனி. நம்மில் பலருக்கு வயது ஏற ஏறப் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது. தினமும் தே தாரே குடித்துப் பழகியவருக்கு அது தெரியவே தெரியாது, ஓடும்போதுதான் வெளிப்படும். ஒரு வாரம் பாலில்லாமல் ஓடிப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும்.

தைப்பூச விரதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் குழுவில் சிலர் விரதம் தொடங்கிய முதல் வாரத்தில் வயிற்று உப்புசத்தோடு ஓடத் திணறுவார்கள். இறைச்சியை நிறுத்தியதும் அதற்குப் பதில் பருப்பும் பயறும் தட்டில் திடீரென இரண்டு மடங்காகிவிடுவதுதான் காரணம். தவ்ஃபு, முட்டை சேர்ப்பவராக இருந்தால் முட்டை என்று பிரித்துக்கொண்டு, பயறை மெல்ல மெல்லக் கூட்டினால் சரியாகிவிடும். தண்ணீர்மலையின் 513 படி ஏறுகிற அன்றும் இது உதவும்.

படி 3: ஓடுவதற்கு முன்

மூன்று மணி நேரத்துக்கு முன் ஒரு வேளைச் சாப்பாடு, பிறகு அரை மணி முன்பு ஒரு வாழைப்பழம். சாதாரண ஞாயிற்றுக்கிழமைக்கு இது போதும். வெறும் வயிற்றில் அரை மணி நேரம் லேசாக ஓடுவதில் தவறில்லை. இரண்டு மணி நேர ஓட்டத்துக்கு அது கூடாது.

பாலத்து மாரத்தான் நள்ளிரவுக்கு மேல் தொடங்கும்போது கணக்கே மாறிவிடுகிறது. பெருங்குடலுக்கும் ஒரு கடிகாரம் உண்டு. தூக்கத்தில் அது ஏறக்குறைய அசைவதில்லை; காலையில் எழுந்து எதையாவது சாப்பிட்டதும் சுறுசுறுப்பாகும். கோப்பி அதை இன்னும் தூண்டும். கோலாலம்பூரில் டத்தாரான் மெர்டேக்காவிலிருந்து விடியும் முன் ஓடத் தொடங்குகிறவர், சீக்கிரம் எழுந்து ஒரு கோப்பி ஓ குடித்து, கழிவறைக்குப் போய்விட்டு வர வழி இருக்கிறது. நள்ளிரவில் அது நடக்காது. அன்றைக்கு மதியச் சாப்பாட்டைப் பெரிதாக வைத்துக்கொண்டு, இரவு எட்டு மணிக்குள் சிறிதாகச் சோறும் முட்டையும் சாப்பிட்டு, மாலையிலேயே கழிவறை வேலையை முடிக்கப் பாருங்கள். போட்டிக்கு முன் இரண்டு மூன்று தடவையாவது அதே நேரத்தில் ஓடிப் பழகுங்கள். இரவில் ஓடினால் குடல் எப்படி நடந்துகொள்கிறது என்று வேறு எப்படியும் தெரிந்துகொள்ள முடியாது.

படி 4: குடலுக்குப் பயிற்சி

எனக்கு மிகவும் பயன்பட்ட படி இது.

சர்க்கரை குடலிலிருந்து இரத்தத்துக்குப் போக வாசல்கள் உண்டு. குளுக்கோஸுக்கு ஒரு வாசல், ஃப்ரக்டோஸுக்கு வேறொன்று. குளுக்கோஸ் வாசல் சோடியத்தையும் கூடவே உள்ளே எடுக்கும். தண்ணீரும் பின்னால் வரும். ஓட்டக்காரர் பானத்தில் உப்பு ஏன் இருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். குளுக்கோஸ் வாசல் வழியாக மணிக்கு ஏறக்குறைய 60 கிராம்தான் போகும். அதற்கு மேல் கொடுத்தால் குடலிலேயே தங்கித் தண்ணீரை இழுக்கும், வயிற்றைக் கலக்கும். ஃப்ரக்டோஸையும் சேர்த்தால் இரண்டு வாசலும் திறந்து மணிக்கு 90 கிராம் வரை போகலாம்.

நல்ல செய்தி: ஓட்டத்தின்போது அடிக்கடி சர்க்கரை கொடுத்துப் பழக்கினால் இந்த வாசல்களின் எண்ணிக்கை கூடும். இரைப்பையும் நீரைத் தாங்கவும் சீக்கிரம் காலியாகவும் கற்றுக்கொள்ளும். இரண்டு வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்ததாக ஆய்வுகள் உண்டு. நான் எட்டு வாரம் எடுத்துக்கொள்வேன்.

அளவு இப்படி. ஒரு மணி நேரத்துக்குக் குறைவான ஓட்டத்துக்கு எதுவும் வேண்டாம். ஒன்றிலிருந்து இரண்டரை மணி நேரம் என்றால் மணிக்கு 30 முதல் 60 கிராம். அதற்கு மேல் என்றால், பழகியவர்களுக்கு 90 வரை. வாரத்துக்கு இரண்டு ஓட்டத்தில் மட்டும் செய்யுங்கள், ஒன்று ஞாயிறு நீண்ட ஓட்டம். முதல் இரண்டு வாரம் மணிக்கு 30 கிராம், அடுத்த இரண்டு வாரம் 45, அப்புறம் 60. 60 கிராமில் இரண்டு வாரம் வயிறு அமைதியாக இருந்தால்தான் மேலே போகலாம். நாலரை ஐந்து மணி நேரத்தில் மாரத்தான் முடிக்கும் நம்மில் பலருக்கு 60 கிராமே போதுமானது என்பது என் கருத்து.

ஓடும்போது பிழிந்து விழுங்கும் இனிப்பு ஜெல் பொட்டலம் ஒன்றில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் இருக்கும், பின்பக்கம் பார்த்தால் தெரியும். பெரிய மெட்ஜூல் பேரீச்சம்பழம் ஒன்றில் ஏறக்குறைய 18 கிராம். எங்கள் குழுவில் பலர் வீட்டில் கலக்கும் பானம் இது: ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மேசைக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, ஓர் எலுமிச்சைச் சாறு. மேசைக்கரண்டியை மேடு இல்லாமல் மட்டமாக எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் சர்க்கரை ஏறக்குறைய 60 கிராம், அதாவது 6 விழுக்காட்டுக் கரைசல். இரைப்பை இதைத் தடங்கல் இல்லாமல் இறக்கிவிடும். வெள்ளைச் சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ் என்பதால் இரண்டு வாசலும் வேலை செய்யும். உப்பைக் கண்ணால் பார்த்துப் போடாதீர்கள், கூடிவிட்டால் அதுவே குமட்டும். முந்தின இரவே கலக்கிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். குளிர்ந்த பானம் உடம்பின் சூட்டையும் கொஞ்சம் தணிக்கும்.

100 பிளஸ் குடிப்பவர்கள் அதன் வாயுவை இறக்கிவிட்டுக் குடிப்பது நல்லது. முந்தின இரவே பாட்டிலில் ஊற்றி மூடியைத் திறந்து வைத்தால் போதும். ஜெல் எடுத்தால் கூடவே வெறும் தண்ணீர்தான், இனிப்புப் பானம் வேண்டாம். இரண்டு இனிப்பும் சேர்ந்தால் கரைசல் கெட்டியாகிவிடும். பாலத்தில் நான் செய்தது அதுதான்.

மொத்தமாகக் குடிக்காமல் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை நாலைந்து மிடறு எடுங்கள். தொடக்கத்திலிருந்தே தொடங்குங்கள். கடைசியில் வாங்கிக் குடிக்கலாம் என்றால் அதற்குள் குடலில் இரத்தம் குறைந்திருக்கும்.

படி 5: வெயில், தண்ணீர், வேகம்

ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் உடையை நீக்கி எடை பாருங்கள். இடையில் எதுவும் குடிக்காமல் ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வேர்வை. அந்த முழு அளவையும் ஓடும்போதே குடிக்க முயல வேண்டாம், இரைப்பை தாங்காது. இன்னொரு பக்கம், ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் அளவுக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். அது உயிருக்கே ஆபத்து.

குமட்டல் தொடங்கினால் முதல் மருந்து வேகத்தைக் குறைப்பதுதான். ஐந்து நிமிடம் நடந்தால் குடலுக்கு இரத்தம் திரும்பும். தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள், வெறும் தண்ணீரை மிடறு மிடறாகக் குடியுங்கள், அப்புறம் பழையபடி பானத்துக்குத் திரும்பலாம்.

படி 6: மருந்து எடுப்பவர்கள்

முழங்கால் வலிக்காக ஓட்டத்துக்கு முன் ஐபுப்ரோஃபென் போடும் பழக்கம் நம் ஓட்டக்காரர்களிடம் அதிகம். தயவுசெய்து விட்டுவிடுங்கள். இரத்தம் குறைந்த குடல் சுவரை இந்த வகை மாத்திரை இன்னும் காயப்படுத்துகிறது. வறண்ட உடம்பில் சிறுநீரகத்துக்கும் கெடுதல்.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நம் சமூகத்தில் இது அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். மெட்ஃபார்மின் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். இன்சுலின் போடுபவருக்கு ஓட்டத்தின் இடையிலும் அன்று இரவிலும் சர்க்கரை இறங்கலாம். இப்போது பலர் வாரம் ஒரு முறை போடும் செமாகுளூடைட் ஊசி, மேலே சொன்ன ஜிஎல்பி-1 ஹார்மோனைப்போல் வேலை செய்வது. பசியைக் குறைப்பது, இரைப்பையை மெதுவாக்குவது இரண்டையும் அது முன்னமே செய்துகொண்டிருக்கிறது. அதன் மேல் ஓட்டமும் அதையே செய்யும். இவர்கள் மருத்துவரிடம் பேசாமல் நீண்ட ஓட்டத்தைத் தொடங்கக் கூடாது.

யாராக இருந்தாலும் மலம் கறுப்பாகவோ இரத்தத்தோடோ போனால், ஓடாத நாளிலும் வயிற்றுவலி வந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பெண்களுக்குப் பயிற்சி கூடியதும் மாதவிலக்கு நின்றுபோனால் அதுவும் கவனிக்க வேண்டிய அறிகுறி. பல வாரம் உடம்புக்கு வேண்டியதைவிடக் குறைவாகச் சாப்பிட்டிருக்கிறார் என்று பெரும்பாலும் பொருள். மலச்சிக்கலும் ஓயாத களைப்பும்கூட அதோடு வரும்.

படி 7: ஓடி முடித்த பிறகு

போன மாதம் தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலை ஜீப் பாதையில் ஏறி இறங்கினோம். எங்களோடு புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் பசியாறக் கடைக்கு வராமல் கிளம்பினார்.

"அண்ணே, எனக்குப் பசியே இல்லை. வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன்."

"பசி வரட்டும் என்று காத்திருக்காதப்பா. மணியைப் பார்த்துச் சாப்பிடு. இப்போதைக்கு இதையாவது குடி" என்று என் பாட்டிலைக் கொடுத்தேன்.

முதல் அரை மணி நேரத்துக்குக் கெட்டியான உணவு வேண்டாம், குடலுக்கு இரத்தம் இப்போதுதான் திரும்புகிறது. மைலோ, மோர், இளநீர் என்று வயிறு ஏற்கிற எதையாவது சிறுகச் சிறுகக் குடியுங்கள். இளநீரில் சோடியம் குறைவு, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் சோறோ இட்லியோ தோசையோ, அதோடு இரண்டு மூன்று முட்டை அல்லது ஒரு நல்ல மீன் துண்டு. புரதம் 20 முதல் 25 கிராம் வர வேண்டும். மாவுச்சத்து உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம். 70 கிலோ எடை இருப்பவருக்கு அது 70 கிராம். இழந்த எடைக்கு ஒன்றரை மடங்கு நீர், அடுத்த சில மணி நேரத்தில் பிரித்துப் பிரித்து. மறுபடி இரண்டு மணி நேரத்தில் இன்னொரு தடவை, பசித்தாலும் பசிக்காவிட்டாலும். மதியத்துக்குக் குழம்பும் சம்பலும் தாராளமாக வரலாம்.

எடை குறைப்பதற்காக ஓடுகிறவர்கள் "பசி இல்லாதது நல்லதுதானே" என்று கேட்பார்கள். வாரம் மூன்று நாள் 40 நிமிடம் ஓடுகிறவருக்கு அது நல்லதுதான், வலிந்து சாப்பிட வேண்டியதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர் அதை எடைக்குறைப்பாகக் கணக்கு வைத்தால், இரவில் மாமாக் கடையில் நான் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் உட்கார வேண்டிவரும்.

இவ்வளவும் செய்தும் நடுராத்திரி இரண்டு மணிக்குப் பசி எழுப்பினால் எழுந்துபோங்கள். பகலில் பேசாமல் இருந்த உடம்பு இப்போதுதான் கேட்கிறது. ஒரு கிண்ணம் தயிர்ச் சோறு சாப்பிட்டுவிட்டு, நோட்டில் நேரத்தைக் குறித்துவிட்டுப் படுங்கள். அடுத்த நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு மதியச் சாப்பாட்டை எவ்வளவு கூட்ட வேண்டும் என்று அந்த நேரத்தை வைத்தே கணக்குப் போடலாம்.